பத்துக்கு எத்தனை குறைகிறது? கூட்டல் சீட்டுக்கட்டை வீட்டுக் கம்ப்யூட்டரில் தயாரிப்போம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதம் படம், பாட்டு என்று போய்விடும். அதன் பிறகு "இதை வைத்துப் பிள்ளைக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். எங்கள் தொட்டியத்தில் இந்தக் கேள்வியோடு வரும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்லும் வேலை இதுதான்: கம்ப்யூட்டரில் ஒரு எண் சீட்டுக்கட்டு தயாரியுங்கள், பிரிண்ட் எடுங்கள், பிறகு கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டுப் பாயில் உட்கார்ந்து பிள்ளையோடு ஆடுங்கள்.

"சீட்டா? பிள்ளைக்குச் சீட்டாடக் கற்றுக்கொடுப்பதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். நாம் செய்யப்போகும் கட்டில் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை, பந்தயமும் இல்லை. 0 முதல் 10 வரை எண்கள் மட்டும்தான். ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கூட்டல் வாயில் தானாக வரவேண்டும் என்பதே நோக்கம். இந்த வேலையைச் செய்து முடிக்கும்போது செல் அளவை மாற்றுவது, காப்பி, பேஸ்ட், பிரிண்ட் ஆகியவை உங்களுக்கும் கைவந்துவிடும்.

ஏன் பத்து?

எட்டும் ஆறும் எத்தனை என்று ஒரு குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள். மூன்று விதமாக விடை வரும். முதல் வகைக் குழந்தை எட்டு விரலை எண்ணி, பிறகு ஆறு விரலை எண்ணி, எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து மறுபடி எண்ணும். இரண்டாவது வகைக் குழந்தை எட்டை மனதில் வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து, பதினொன்று என்று மேலே ஆறு எண்ணும். மூன்றாவது குழந்தை, "எட்டோடு ரெண்டு சேர்ந்தா பத்து, மிச்சம் நாலு, பதினாலு" என்று சொல்லிவிடும்.

மூன்றாவது குழந்தைக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்தான். எந்த எண்ணுக்கும் பத்தை எட்ட எத்தனை குறைகிறது என்பது அதற்கு யோசிக்காமல் தெரியும். இது தெரியாத பிள்ளை மூன்றாம் வகுப்பில் 48 உடன் 36 ஐக் கூட்டும்போது, விரல் எண்ணுவதிலேயே கவனம் போய், மேலே எடுத்துச் செல்லும் 1 ஐ மறந்துவிடும். "எனக்குக் கணக்கு வராது" என்ற எண்ணம் பல பிள்ளைகளுக்கு இங்கேதான் தொடங்குகிறது. இதைத் தடுக்கப் பத்தின் ஜோடிகள் ஆறே ஆறு போதும்: 0-10, 1-9, 2-8, 3-7, 4-6, 5-5.

அட்டை நமக்குப் புதிதல்ல

அட்டை வைத்துக் கற்பது தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் பழக்கமான முறை. ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளி முறையைப் பின்பற்றி, செயல்வழிக் கற்றல் 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. 2007 இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. பிள்ளைகள் பாயில் குழுவாக உட்கார்ந்து, ஏணிப்படி அட்டவணையைப் பார்த்து, தனக்குரிய அட்டையைத் தானே எடுத்துப் படித்தார்கள். இன்று பெற்றோராக இருக்கும் சிலர் அப்படிப் படித்து வந்தவர்களே.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இடைவெளியைச் சரிசெய்ய, 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளை அவர்களது கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். நம் கட்டிலும் அந்தப் பெயர்களையே மூன்று ஆட்டங்களுக்கு வைத்துக்கொள்வோம். பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்க வேண்டாம். எந்த ஆட்டம் சுலபமாக வருகிறதோ அங்கிருந்து தொடங்கலாம்.

என்னென்ன தேவை?

லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருள் தொகுப்பு. அதில் உள்ள கால்க் என்ற புரோகிராமில்தான் வேலை.
ஏ4 அளவில் தடிமனான தாள் 5. சாதாரணத் தாளில் எண் பின்பக்கம் தெரியும். ஸ்டேஷனரி கடையில் 200 ஜி.எஸ்.எம். அல்லது அதற்கு மேல் என்று கேட்டு வாங்கவும்.
கத்தரிக்கோல், ஸ்கேல்.

ஒரு தாளில் வரிசைக்கு 3 வீதம் மூன்று வரிசையாக 9 அட்டைகள் வரும். ஒவ்வொன்றும் 6 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம். கடையில் விற்கும் சீட்டின் அளவும் ஏறக்குறைய இதுதான். சின்னக் கைக்கும் அடங்கும்.

அட்டையை வடிவமைத்தல்

1. கால்க் புரோகிராமைத் திறக்கவும். ஃபார்மேட் மெனுவில் பேஜ் ஸ்டைல் என்பதை க்ளிக் செய்யவும். கிடைக்கும் விண்டோவில் பேஜ் என்ற டேபில் தாள் அளவு ஏ4 என்றும், நான்கு பக்க மார்ஜினும் 1 செ.மீ. என்றும் அமைக்கவும்.

2. அதே விண்டோவில் ஹெடர், ஃபுட்டர் என்று இரண்டு டேப்கள் இருக்கும். இரண்டிலும் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு ஓகே கொடுக்கவும். இதைச் செய்யாவிட்டால் அந்த இடத்தை ஹெடரும் ஃபுட்டரும் பிடித்துக்கொள்ள, கடைசி வரிசை அடுத்த தாளுக்குப் போய்விடும்.

3. மேலே உள்ள ஏ, பி, சி என்ற மூன்று காலம் தலைப்புகளையும் மவுஸால் இழுத்துத் தேர்வு செய்யவும். ஃபார்மேட் → காலம்ஸ் → விட்த் சென்று 6 செ.மீ. கொடுக்கவும். அளவு இஞ்சில் காட்டினால் பரவாயில்லை. எண்ணுக்குப் பின் ஆங்கிலத்தில் சி, எம் ஆகிய இரண்டு எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்தால் கால்க் தானே மாற்றிக்கொள்ளும்.

4. இடது ஓரத்தில் உள்ள 1, 3, 5 ஆகிய வரிசை எண்களை கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு க்ளிக் செய்யவும். ஃபார்மேட் → ரோஸ் → ஹைட் சென்று 5 செ.மீ. கொடுக்கவும். இதேபோல் 2, 4, 6 வரிசைகளுக்கு 4 செ.மீ. கொடுக்கவும். பெரிய வரிசையில் எண்ணும், சிறிய வரிசையில் புள்ளிகளும் வரும். இரண்டும் சேர்ந்து ஓர் அட்டை.

5. ஏ1 செல்லில் 0 என்று டைப் செய்து எழுத்து அளவை 72 ஆக்கவும். ஏ2 செல்லில் பத்து வட்டங்கள் வரவேண்டும். இன்செர்ட் → ஸ்பெஷல் கேரக்டர் சென்று, தேடும் கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒயிட் சர்க்கிள் என்று டைப் செய்தால் காலி வட்டம் கிடைக்கும். பிளாக் சர்க்கிள் என்று டைப் செய்தால் நிரம்பிய வட்டம் கிடைக்கும். ஐந்து காலி வட்டம் போட்டவுடன் கண்ட்ரோல் + என்டர் அழுத்தினால் அதே செல்லுக்குள் அடுத்த வரி வரும். அங்கே மேலும் ஐந்து போடவும். எழுத்து அளவு 24 போதும்.

6. ஏ1, ஏ2 இரண்டையும் தேர்வு செய்து ஃபார்மேட் → செல்ஸ் செல்லவும். அலைன்மென்ட் டேபில் இரண்டு திசையிலும் நடுவில் வரும்படி அமைக்கவும். பார்டர்ஸ் டேபில் வெளிக்கோடு மட்டும் வரும் அமைப்பைத் தேர்வு செய்யவும். எண்ணுக்கும் புள்ளிக்கும் நடுவே கோடு வந்தால் வெட்டுபவர் அங்கேயும் வெட்டிவிடுவார்.

7. முதல் அட்டை தயார். அந்த இரண்டு செல்களையும் கண்ட்ரோல் + சி அழுத்திக் காப்பி செய்து, பி1, சி1, ஏ3, பி3, சி3, ஏ5, பி5, சி5 ஆகிய இடங்களில் கண்ட்ரோல் + வி அழுத்திப் பேஸ்ட் செய்யவும். பிறகு எண்களை வரிசையாக 1, 2, 3 என்று 8 வரை மாற்றவும். எண் எத்தனையோ அத்தனை வட்டங்களை நிரம்பிய வட்டமாக மாற்றவும். 7 இப்படி வரவேண்டும்:

●●●●●
●●○○○

இந்த அட்டையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஏழு என்பது ஐந்தும் இரண்டும் என்று மேல் வரி, கீழ் வரி சொல்கிறது. பத்துக்கு மூன்று குறைகிறது என்று காலி வட்டங்கள் சொல்கின்றன. நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம். புள்ளிகள் எப்போதும் எண்ணுக்குக் கீழே இருப்பதால், 6 ஐத் தலைகீழாகப் பிடித்து 9 என்று சொல்லும் குழப்பமும் வராது.

8. கீழே உள்ள ஷீட் டேபில் ரைட் க்ளிக் செய்து, மூவ் ஆர் காப்பி ஷீட் மூலம் ஒரு நகல் எடுக்கவும். அதில் நான்கு அட்டைகளை 9 என்றும், நான்கு அட்டைகளை 10 என்றும் மாற்றவும். ஒன்பதாவது அட்டையில் இருப்பதை அழித்துவிடவும். அது ஜோக்கர். படத்தைப் பிள்ளையே வரையட்டும்.

இடையிடையே கண்ட்ரோல் + எஸ் அழுத்தி சேவ் செய்துகொள்ளுங்கள். பாதியில் கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

எம்.எஸ். எக்ஸெல் வைத்திருப்பவர்களும் இதே போலச் செய்யலாம். வியூ மெனுவில் பேஜ் லேஅவுட் என்பதைத் தேர்வு செய்தால் அளவுகளை ஸ்கேல் அளவாகவே கொடுக்கலாம். செல்லுக்குள் அடுத்த வரிக்கு ஆல்ட் + என்டர் அழுத்த வேண்டும்.

பிரிண்ட் எடுப்பது

ஃபைல் → பிரிண்ட் செல்லவும். பக்கம் 1 ஐ நான்கு நகல், பக்கம் 2 ஐ ஒரு நகல் எடுக்கவும். 36 அட்டையும் 9 அட்டையும் சேர்ந்து 45. அதாவது 0 முதல் 10 வரை ஒவ்வொன்றிலும் நான்கு, ஜோக்கர் ஒன்று. ஒரு தாள்கூட வீணாகாது.

வீட்டில் பிரிண்டர் இல்லையா? ஃபைல் மெனுவில் பி.டி.எஃப். ஆக எக்ஸ்போர்ட் செய்து, பென் டிரைவில் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கால்க் ஃபைலையே கொண்டுபோனால் அந்தக் கம்ப்யூட்டரில் எழுத்துருவும் அளவும் மாறலாம்; பி.டி.எஃப். ஃபைலில் நீங்கள் வைத்தபடியே இருக்கும். "ஃபிட் டு பேஜ் வேண்டாம், ஆக்சுவல் சைஸில் எடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

அரும்பு ஆட்டம்: பத்து ஜோடி

இரண்டு பேர் முதல் நான்கு பேர் வரை ஆடலாம். முசிறி, தொட்டியம் பக்கம் கோரைப் பாய்க்குப் பஞ்சமில்லை. பாயை விரித்து வட்டமாக உட்காருங்கள்.

கட்டைக் குலுக்கி ஆளுக்கு 5 அட்டை கொடுக்கவும். நடுவில் 4 அட்டைகளை எண் தெரியும்படி வைக்கவும். மீதியைக் கவிழ்த்து வைக்கவும்.
உங்கள் முறை வரும்போது, கையில் உள்ள ஓர் அட்டையும் நடுவில் உள்ள ஓர் அட்டையும் சேர்ந்து பத்து வந்தால் இரண்டையும் எடுத்து உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளலாம். எடுக்கும்போது "ஏழும் மூணும் பத்து" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஜோடி கிடையாது.
ஜோடி சேரவில்லை என்றால் கையிலிருந்து ஓர் அட்டையை நடுவில் வைக்கவும்.
எப்படி ஆடினாலும் முடிவில் கவிழ்த்த கட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக்கொள்ளவும்.
நடுவில் இருக்கும் இரண்டு அட்டைகளே பத்தாகச் சேர்ந்தால், தன் முறையில் அதைக் கவனித்துச் சொல்பவர் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம்.
ஜோக்கர் எந்த எண்ணாகவும் நடிக்கும். எந்த எண்ணாக நடிக்கிறது என்பதை எடுப்பவர் சொல்ல வேண்டும்.
எல்லார் கையும் காலியானதும் அதிக ஜோடி வைத்திருப்பவர் வென்றவர்.

இந்த ஆட்டத்தில் விடையைச் சரிபார்க்கப் பெரியவர் தேவையில்லை. 44 எண் அட்டைகளும் சரியாக 22 ஜோடிகள். ஜோக்கர் கூடுதலாக ஒன்று. ஆகவே முடிவில் ஒரே ஓர் அட்டைதான் மீதி நிற்கும். ஜோக்கர் 3 ஆக நடித்திருந்தால் மீதி நிற்பதும் 3 தான். வேறு எண் நின்றாலோ, நடுவில் சேராத அட்டைகள் பல நின்றாலோ, யாரோ தவறான ஜோடியை எடுத்திருக்கிறார்கள். எல்லாரும் தங்கள் ஜோடிகளை விரித்துத் தேடலாம். "ஏன் எப்பவும் ஒண்ணுதான் மிஞ்சுது?" என்று பிள்ளை கேட்டால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஜோக்கரை எடுத்துவிட்டு ஒரு ஆட்டம் ஆடச் சொல்லுங்கள். தானே கண்டுபிடிக்கும்.

மொட்டு ஆட்டம்: ரெண்டு சீட்டுச் சண்டை

ஜோக்கரை எடுத்துவிடவும். இரண்டு பேர் ஆடினால் ஆளுக்கு 22 அட்டை. எண் தெரியாமல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் இருவரும் மேலிருந்து இரண்டு அட்டைகளைத் திருப்ப வேண்டும். தன் தொகையைத் தானே சொல்ல வேண்டும். பெரிய தொகைக்காரர் நான்கையும் எடுத்துக்கொள்ளலாம். இருவருக்கும் ஒரே தொகை வந்தால் அந்த நான்கும் நடுவிலேயே இருக்கும். அடுத்த சண்டையில் வெல்பவருக்கு எட்டும் போகும்.

இதில் தொகை 20 வரை போகும். 8, 6 வந்தால் பிள்ளை 8 இன் காலி வட்டங்களைப் பார்க்கட்டும். இரண்டு குறைகிறது. ஆறிலிருந்து இரண்டைக் கொடுத்தால் பத்து, மிச்சம் நான்கு. சில நாளில் வட்டத்தைப் பார்க்காமலே சொல்ல ஆரம்பிக்கும். அப்போது ஃபைலைத் திறந்து 2, 4, 6 வரிசைகளில் உள்ள வட்டங்களை அழித்து, 6 க்கும் 9 க்கும் அடிக்கோடு போட்டு, புதுக் கட்டு ஒன்று பிரிண்ட் எடுங்கள். கடையில் வாங்கிய கட்டு பிள்ளையோடு வளராது. உங்கள் ஃபைல் வளரும்.

மலர் ஆட்டம்: நெற்றிச் சீட்டு

இதற்கு மூன்று பேர் வேண்டும். இரண்டு பேர் ஆளுக்கு ஓர் அட்டையைப் பார்க்காமல் எடுத்து, எண் வெளியே தெரியும்படி நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும். தன் அட்டை தனக்குத் தெரியாது. எதிரில் இருப்பவருடையது தெரியும். மூன்றாவது ஆள் இரண்டையும் கூட்டித் தொகையை மட்டும் சொல்வார். தன் நெற்றியில் இருக்கும் எண்ணை முதலில் சொல்பவருக்கு இரண்டு அட்டையும்.

தொகை 13 என்கிறார். எதிரில் 8 தெரிகிறது. அப்படியானால் என் நெற்றியில் 5. பிள்ளை இங்கே கழித்தல் செய்கிறது, ஆனால் அதற்கு அது கழித்தல் என்று தெரியாது. கடையில் பத்து ரூபாய் கொடுத்து ஏழு ரூபாய்ப் பொருள் வாங்கி மீதியைச் சரியாக வாங்கிவரவும் இதே கணக்குதான். ஐந்து ஆட்டத்துக்கு ஒருமுறை தொகை சொல்பவரை மாற்றுங்கள். அண்ணன், தங்கை ஆடும்போது எப்போதும் அண்ணனே வென்றால், தங்கைக்கு வட்டம் உள்ள அட்டை, அண்ணனுக்கு வட்டம் இல்லாத அட்டை என்று கலந்து கொடுக்கலாம்.

கம்ப்யூட்டரிலும் ஆடலாமா?

தாராளமாக. மூன்று ஆட்டமும் பழகிய பிறகு, மைக்ரோசாஃப்ட் சாலிட்டேர் கலெக்ஷனில் உள்ள பிரமிட் என்ற ஆட்டத்தைக் காட்டுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வேலை செய்யும். ஸ்டார்ட் மெனுவில் இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும். 28 சீட்டுகள் ஏழு வரிசையில் கோபுரம்போல் இருக்கும். மேலே மூடாமல் இருக்கும் சீட்டுகளில் கூட்டினால் 13 வரும் இரண்டைத் தேர்வு செய்து நீக்க வேண்டும். ஏஸ் 1, ஜாக்கி 11, ராணி 12. ராஜா தனியாகவே 13 என்பதால் ஒரே க்ளிக்கில் போய்விடும்.

சாலிட்டேர் முதன்முதலில் விண்டோஸுடன் வந்தது 1990 இல், விண்டோஸ் 3.0 பதிப்பில். எழுதியவர் வெஸ் செர்ரி, சீட்டுப் படங்களை வரைந்தவர் சூசன் கேர். மவுஸையே பார்த்திராத அன்றைய மக்கள் ஒரு பொருளைப் பிடித்து இழுத்து வைக்கப் பழகியது இந்த ஆட்டத்தில்தான். மவுஸ் பிடிக்கத் தடுமாறும் தாத்தா, பாட்டிக்கும் இது நல்ல பயிற்சி.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் சீட்டு விளையாட்டு என்று தேடினால் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கான விளம்பரங்கள் வரக்கூடும். இத்தகைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியிருக்கிறது. ஆனாலும் தெரியாத தளத்திலிருந்து எதையும் டவுன்லோட் செய்யவோ, போன் எண்ணைக் கொடுக்கவோ பிள்ளைகளை விடாதீர்கள். காகிதக் கட்டில் விளம்பரமும் வராது, ஓ.டி.பி.யும் கேட்காது.

சில டிப்ஸ்

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். "இன்னும் ஒரு ஆட்டம்" என்று பிள்ளை கேட்கும்போதே நிறுத்தினால் மறுநாள் தானே கட்டை எடுத்து வரும்.
விரல் விட்டு எண்ணினால் திட்டாதீர்கள். "பெரிய எண்ணை முதலில் சொல்லு, அங்கேயிருந்து எண்ணு" என்று மட்டும் சொல்லுங்கள். ஜோடிகள் மனதில் பதிந்ததும் விரல் தானாக மடங்கிவிடும்.
பிள்ளை தவறாகச் சொன்னால் விடையைச் சொல்லாமல் "வட்டத்தைப் பாரு" என்று சொல்லுங்கள்.
ஓர் அட்டை தொலைந்தால் கட்டே வீணாகாது. ஃபைலைத் திறந்து அந்த எண் உள்ள பக்கத்தை மட்டும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாம். மீதி எட்டு அட்டைகளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கான கட்டுக்குச் சேர்த்து வையுங்கள்.